எல்லாரும் நன்றாக எழுதிவிட்டால்

பரீட்சைப் பிரிவு குமாஸ்தாவின் வேலை மார்க்கைக் கூட்டுவது மட்டுமல்ல, கூட்டிய மார்க்குக்காகத் திட்டு வாங்குவதும்தான். பிள்ளையின் கிரேடு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த பெற்றோருக்கு நான் சொல்லப்போவது புரியும். எழுபதுகளில் செகந்திராபாத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் கிரேடு மார்க்குக்கு அல்ல, வகுப்பில் நிற்கும் இடத்துக்கு. முதல் சிலருக்கு A, அடுத்தவர்களுக்கு B, நடுக்கூட்டத்துக்கு C. கடைசிச் சிலர் எவ்வளவு வாங்கினாலும் ஃபெயில். மேல்வகுப்பில் சயன்ஸ் எடுக்க B-யாவது வேண்டும்.

ஏறியும் இறங்கியவள்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் முருகேசன், தன் மகள் செல்வியின் அட்டையை நீட்டினார். போன பரீட்சையில் அறுபத்திரண்டு, B. இப்போது எழுபது, C. நர்ஸாக வேண்டும் என்றிருந்த பெண்; சயன்ஸ் போயிற்று. இந்தத் தடவை வகுப்பே நன்றாக எழுதிவிட்டது என்று விளக்கினேன். அவர் கேட்டார்: "அடுத்த வீட்டுப் பொண்ணு நல்லா எழுதினா, எம் பொண்ணு எழுதினது அழிஞ்சிடுமா சார்?"

நோட்டு

பரீட்சைக்கு முன் செல்வி காய்ச்சலில் படுத்திருந்தபோது, தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடும் சிநேகிதி நோட்டுத் தர மறுத்துவிட்டாளாம். ஏன் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். நாங்கள் கற்றுக்கொடுத்ததைப் பிசகாமல் ஒப்பித்தாள்: "நக்கோ, வேணாம் சார், அவ மேலே வந்தா நான் கீழே போவேன்."

தலைமையாசிரியை

எழுபது எழுபதுதானே என்று தலைமையாசிரியையிடம் வாதாடினேன். ஊமை என்று பெயர் வாங்கிய எனக்கு அன்று குரல் உயர்ந்துவிட்டது. அவர் நிதானமாகவே கேட்டார்: "எல்லாரும் நல்லா எழுதிட்டா, அப்புறம் யாரைத்தான் ஃபெயில் பண்றது?"

தோசை

அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். மறுநாள் காலை அடுப்படியில் இதையெல்லாம் சொல்லிப் பொருமினேன். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "நாலும் நல்லா வந்தா, ஒண்ணைக் கருகினதுன்னு ஒதுக்கி வைப்பீங்களோ?"

பக்கத்து வகுப்பு

பக்கத்துப் பிரிவில் எல்லாருக்குமே மார்க் குறைவு என்று முருகேசனுக்குத் தெரிந்துவிட்டது. மகளை அங்கே மாற்றச் சொன்னார். மாற்றாவிட்டால் கல்வி அதிகாரியிடம் போவதாகவும் சொன்னார். தலைமையாசிரியை இறங்கிவந்தார். அதே விடைத்தாள், அதே எழுபது, அங்கே B. செல்விக்கு சயன்ஸ் கிடைத்தது.

அந்த வகுப்பில் B வரிசையின் கடைசியில் இருந்த பெண் C-க்குத் தள்ளப்பட்டாள். போவன்பள்ளி மார்க்கெட்டில் காய் விற்கும் அவள் அம்மா, வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்து என் மேஜை முன் நின்றாள்: "நேத்து வரைக்கும் B-ன்னீங்க. ராத்திரி தூக்கத்துல எம் பொண்ணு எந்தப் பாடத்தை மறந்தா, சொல்லுங்க."

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை முன்னுக்கு வர, அது படிப்பதைவிடப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை படிக்காமல் இருப்பதே முக்கியமாக இருந்தது.