நடனக்காரி பயப்படுகிறாளா, சிரிக்கிறாளா?

போன வியாழக்கிழமை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கடை வாசலில் ஒற்றைக் காலில் நின்றேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. எதிரே ஒரு கூட்டம். கைதட்டல் வேறு!

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மகளிர் கல்லூரியில் அன்று மதியம் மூன்று மணிக்கு ஓவியம் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். என்னிடம் ஒரு பழைய ஜெர்மன் மரச்செதுக்கு ஓவியத்தின் பிரிண்ட் உண்டு. வெறும் கறுப்பு வெள்ளை. கத்தியால் கீறியது போன்ற கோடுகள். நடுவில் ஒரு நடனக்காரி, ஒரு காலைத் தூக்கி, கைகளை விரித்து, வாயைத் திறந்து நிற்கிறாள். சுற்றிலும் கூட்டம். அத்தனை முகமும் கோணல்மாணல்... மூக்கும் பல்லுமாக!

'கூட்டத்தின் முன் நடுங்கும் நவீன மனிதனின் தனிமை' என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கம்பீரமாக இல்லை?

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட பாஷா பாய் கடைக்குப் போனேன். பார்த்ததும் பாய் பதறினார்.

"இன்னா மேடம் இது? இந்தம்மா கரண்ட் கம்பிய புடிச்சிகினு இருக்காங்களா?"

"டான்ஸ் பாய். கூட்டத்தப் பாத்து பயப்படுறா" என்றேன்.

பக்கத்தில் ஒரு பெண் சிரித்தார். பெயர் செல்வி. கருணாபுரத்துக்காரர், கட்டட வேலையில் சித்தாள். மகளின் கல்யாணப் போட்டோவை வாங்க வந்தவர்.

"பயந்தவ ஓடிப் பூடுவா மேடம். இப்பிடி காலத் தூக்கிகினு நிப்பாளா?"

எனக்குச் சுருக்கென்றது. என் மூன்று மணிப் பேச்சே அந்தப் பயத்தை நம்பித்தான் இருக்கிறது! "அவ நிக்கல, பயத்துல தடுமாறுறா. இப்படி யாராலயும் நிக்கவே முடியாதும்மா" என்று வாதாடினேன்.

"ஏன் முடியாது?" பையைப் பாயிடம் கொடுத்தார். காலைத் தூக்கினார். கைகளை விரித்தார். துளி அசைவில்லை! "சாரத்து மேல கலவ சட்டியோட நிக்கிறவ நானு. நீங்க நில்லுங்க, பாக்கலாம்."

விடுவேனா? செருப்பைக் கழற்றினேன். வாசலுக்கு வந்து காலைத் தூக்கினேன்...

உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸையே மறந்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். ஒரு நொடி ஓடிவிடலாமா என்று பார்த்தேன் — எதிரே எல்லாம் மூக்கும் பல்லும்! ஓவியர் எதையும் இட்டுக்கட்டவில்லை. உடம்பு சாய்ந்தது. செல்வி சட்டென்று தோளைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையை இன்னும் மேலே தூக்கினேன்!

பாய் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களப் புடிக்க ஆள் இருக்கு மேடம். படத்துல அந்தம்மாவுக்கு யாரும் இல்லியே... பாவம்."

"அதான் பாய் வாயத் தொறந்து சிரிக்கிறா! யாரும் புடிக்காமயே நிக்கிறா பாருங்க!" என்றார் செல்வி.

பார்த்தேன். சிரிக்கத்தான் சிரிக்கிறாள்! இரண்டு வருடமாக என் வீட்டில் இருப்பவள்... எனக்கு ஒருநாளும் தெரியவில்லையே?

செல்வியைக் கல்லூரிக்குக் கூப்பிட்டேன். "மத்தியானம் கான்கிரீட் வேல இருக்குங்க. செல்வி சொன்னான்னு நீங்களே சொல்லிடுங்க" என்று போட்டோவோடு கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்குக் கல்லூரியில் அப்படியே சொன்னேன். என் இரண்டு பக்கமும் பைக்குள்ளேயே கிடந்தது. மாணவிகள் விடவில்லை — "நின்னு காட்டுங்க மேடம்!" காட்டினேன். அடுத்த நிமிடம் ஹாலில் பாதிப் பேர் ஒற்றைக் காலில், ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, ஒரே கூச்சல்!

முதல்வர் மேடம் நன்றியுரையில், அழைப்பிதழில் 'சிறப்பு விருந்தினரின் நடனம்' என்று போடாமல் விட்டதற்கு வருத்தம் தெரிவித்தார்.