உப்பு மூட்டையின் கடல் பக்கம்

மழை வரப் போகிறதென்றால் எங்கள் வீட்டில் முதலில் வேர்ப்பது மூட்டைதான். வானத்தில் மேகம் ஒன்றும் இருக்காது, காற்று மட்டும் லேசாகத் திசை மாறியிருக்கும். அதற்குள் வாதாமரக் கிளையில் தொங்கும் அந்தச் சாக்கின் அடிவயிற்றில் ஈரம் திரண்டு, சொட்டுச் சொட்டாக விழுந்து, விழுந்த இடமெல்லாம் காய்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். ஈரச் சணலின் அந்த வாடையும், குத்தி முடித்துக் கைமுட்டியை வாயில் வைத்தால் நாக்கில் ஏறும் அந்தக் கரிப்பும் இன்றைக்கும் வாடைக்காற்று வீசினால் என் கடைவாயில் ஊறும்.

குத்துச்சண்டைக்குப் பழகும் மூட்டையில் மணலும் கந்தல் துணியும் அடைப்பார்கள் என்பது பிற்பாடு தெரிந்துகொண்ட சங்கதி. துறைமுகத்துக்கு அருகே சரக்கு அடுக்கும் ஒரு பழைய "கிட்டங்கி"யில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த லாரன்ஸ் மாஸ்டர், வீட்டிலும் ஒரு மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள் என்று சொன்னாரே தவிர, உள்ளே எதைப் போடுவது என்று சொல்ல மறந்துபோனார். உப்பளத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு மூட்டை என்றால் அதற்குள் இருப்பது உப்பு. இதில் யோசிக்க அவருக்கு எதுவுமில்லை. "ஆத்து மணலுக்கு ஏரலுக்குல்லா லாரி விடணும். கடல் மணலு சாக்குல நிக்காது, ஒழுகிப் போவும். உப்பு கெடக்கும்போது என்னத்துக்கு ஊரெல்லாம் அலையணும்?" என்று கேட்டுவிட்டு, கோடையின் கடைசி வாரத்தில் வாரிய பருவட்டுக் கல்லுப்பைக் கெட்டிச் சாக்கில் திணித்து, சணலால் வாயைத் தைத்து, தோணிக் கயிற்றில் கட்டித் தூக்கிவிட்டார். பார்க்க வந்த மாஸ்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார், விரலை நக்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒம்ம பிள்ளைக இதக் குத்தினா காயத்துக்கு மேல எரிச்சலும் இலவசமாக்கும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நானும் என் அக்கா செலினும் சேர்ந்தே பழகினோம். அவள் எனக்கு இரண்டு வயது மூத்தவள், என்னைவிட அரைச்சாண் உயரம். ஆனால் உப்பு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றால் முள் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "ஒண்ணுக்கு ஒசரம், ஒண்ணுக்குக் கனம். ஆண்டவரு பங்கு வைக்கதுல கெட்டிக்காரரு" என்பாள் அம்மா. எங்கள் தெருவில் அதற்கு முன்பு எந்தப் பெண்ணும் கையுறை மாட்டியதில்லை. பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று: "எம் பிள்ளைக அடிக்கப் பழகல, அடி வாங்காம இருக்கப் பழகுதுவ."

உண்மையும் அதுதான். மாஸ்டர் வெகுநாள் வரைக்கும் எங்களைக் குத்தவே விடவில்லை. கால்தான். இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே, பின்குதிகால் தரை தொடாமல். "சுடுமணல்ல நிக்க மாதிரி நில்லுங்கட்டீ. காலு தூங்கிச்சுன்னா மூஞ்சி முழிச்சுக்கிடும்" என்பார். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலக்கால்தான் முதலில் போக வேண்டும், இடக்கால் அதன் பின்னாலேயே வந்துவிட வேண்டும். கால்கள் பின்னிக்கொண்டால் ஒரு விரலால் தள்ளியே விழவைப்பார். பிறகுதான் கைக்கு எண் வந்தது. "ஒண்ணு" என்றால் இடக்கை நேராக, வாசலில் நிற்பது யாரென்று கதவைத் தட்டிப் பார்ப்பது போல. "ரெண்டு" என்றால் வலக்கை. பின்கால் பெருவிரல் தரையைத் திருக, அந்தத் திருகல் இடுப்பில் ஏறி, தோளில் ஏறி, கைமுட்டியில் போய் வெடிக்கும். "மூணு" என்றால் இடக்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுவது. புயல் வரும்போது துறைமுகத்தில் எண் போட்டுக் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா, அதனால் அந்த வீச்சுக்கு எங்கள் கிட்டங்கியில் "மூணாம் நம்பர் கூண்டு" என்றே பேர். ஒண்ணு ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு மூணு என்று மாஸ்டர் கத்த, நாங்கள் காற்றைக் குத்திக்கொண்டே நகர, வாசலில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் எங்களோடு சேர்ந்து எண்ணுவார்கள்.

அந்த வருஷம்தான் சென்னையில் பெண்களுக்கான மாநிலப் போட்டி நடக்கப் போகிறது, நன்றாக ஆடுகிற பிள்ளைகளை விளையாட்டு விடுதியில் சேர்த்துப் படிக்கவைப்பார்கள் என்ற செய்தி வந்தது. ஒரு எடைக்கு ஒருத்திதான் போகலாம். எங்கள் எடையில் ஊரிலேயே இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்; கிட்டங்கியில் எங்களை மோதவிட்டு, ஜெயிப்பவளை அனுப்புவதென்று மாஸ்டர் முடிவு செய்தார். அக்காவுக்கு அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது, பள்ளிக்கூடமும் முடிகிறது. விடுதி கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்களோடு இறால் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று பேசி வைத்திருந்தார்கள். "பனிக்கட்டித் தண்ணிக்குள்ள கைய விட்டு நாளெல்லாம் இறாலுக்குத் தலை கிள்ளணுமா? இதுக்கா இம்புட்டு நாளு மூட்டையப் போட்டு அடிச்சேன்?" என்று அவள் ஒருநாள் கேட்டது சிரிப்பில் தொடங்கிச் சிரிப்பில் முடியவில்லை.

அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்னவளுக்கு எடையை ஏற்றிவிட்டால் அவள் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவாள், இரண்டு பேருமே சென்னைக்குப் போகலாம். அன்றிலிருந்து என் தட்டில் சோறு குன்றானது. சீலா மீன் துண்டு இரண்டானது. மாலையில் பேக்கரியின் முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு பொட்டலம். நான் என்ன செய்தேன் என்றால், பிறந்ததிலிருந்து செய்துவந்ததைத்தான் செய்தேன். எது கையில் கிடைத்தாலும் பாதியை அக்காவிடம் நீட்டினேன். அவளும் வாங்கித் தின்றாள். வாரக் கடைசியில் தராசில் ஏறினால் இரண்டு பேரும் ஒன்றுபோல ஏறியிருந்தோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏளா, ஒன்ன ஊட்டி வளக்கணும்னா முதல்ல அவ வாயத் தைக்கணும் போலிருக்கே!"

அப்போது மழை தொடங்கியது. மூட்டை வேர்த்தது, சொட்டியது. காலையில் கடலிலிருந்து ஏறும் வெயில் அதன் கிழக்குப் பக்கத்தைக் காய்ச்சியது, மாலைத் தூறல் நனைத்தது, மறுபடி வெயில் காய்ச்சியது. சில நாட்களில் கடலைப் பார்த்த பக்கம் பாறையாக இறுகிவிட்டது. வீட்டைப் பார்த்த பக்கம் நிழலிலேயே கிடந்ததால் ஈரமாக, மெத்தென்று இருந்தது. நாங்கள் நின்று குத்துவதற்கு இடமிருந்ததோ கடல் பக்கம். வீட்டுப் பக்கத்தில் சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் சந்துதான். இடப்பக்கம் துவைகல் மறித்தது. ஆகவே மெத்தென்ற பக்கத்தைக் குத்த வேண்டுமானால், வலப்பக்கமாக நழுவி நழுவி மூட்டையைச் சுற்றிப் போக வேண்டும். நான் போனேன். குத்திவிட்டு வலப்பக்கம், குத்திவிட்டு வலப்பக்கம். என் காலுக்கு அந்தப் பாதை வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகிற பாதை மாதிரிப் பழகிப்போனது. கிட்டங்கியில் மாஸ்டரே, "சின்னவளுக்கு காலு வந்துட்டு" என்றார்.

அக்கா நகரவில்லை. "கல்லுன்னா கல்லயே அடிப்பேன். இடம் பாத்து அடிக்கதுக்கு நான் என்ன கொசுவா?" என்று கடல் பக்கமே நின்று, பாறையான உப்பில் ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்று வலக்கையை இறக்கினாள். ஒரு மாலையில் அவள் குத்திய சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வலது மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அக்கா, அம்மாட்ட சொல்லட்டா?"

"சொன்னேன்னு வையி, கொன்னுருவேன்."

மறுநாளிலிருந்து முட்டையின் வெள்ளைக்கருவை உளுந்துமாவில் குழைத்து மணிக்கட்டில் பற்றுப் போட்டு, மேலே துணி சுற்றி, குளிருக்கு என்று சொல்லி அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். மிஞ்சிய மஞ்சள்கருவையெல்லாம் நான் தின்று தீர்த்தேன். அம்மாவுக்கு மகிழ்ச்சி: இப்போதாவது இவளுக்கு முட்டை இறங்குகிறதே! எங்கள் ஆட்டத்துக்கு முந்திய மாலையில், துவைகல் மேல் உட்கார்ந்து பற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த அக்காவிடம், இந்தக் கையோடு எப்படி ஆடப் போகிறாய் என்று கேட்டேன். "நீ எனக்காவ விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, பெறவு எங்கூடப் பேசாத. நீ ஒழுங்கா ஆடு. நான் எங்கைய வச்சு என்னமும் பண்ணுவேன்" என்றாள்.

விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. எனக்கும் சென்னை வேண்டும். அக்கா வேண்டும், சென்னையும் வேண்டும். அந்த வயதில் இரண்டுக்கும் மனதில் தாராளமாக இடமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிட்டங்கி நிறைந்துவிட்டது. கப்பலைக் கரையில் கட்டும் பழைய வடத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டியதுதான் எங்கள் சதுரம். "ரெண்டும் ஒரே சோத்துப் பானைல்லா, எவ தோத்தாலும் நட்டம் அண்ணாச்சிக்குத்தான்!" என்று யாரோ கத்த, அப்பா சிரிக்க முயன்று, முடியாமல் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா வரவில்லை.

முதல் சுற்று என்னுடையது. ஒண்ணு தட்டிவிட்டு நழுவினேன், ஒண்ணு ரெண்டு போட்டுவிட்டு நழுவினேன். அக்காவின் இடக்கை நீளமாக வந்து வந்து காற்றில் முடிந்தது. அவளுடைய வலக்கை அப்பளத்தைக்கூட உடைக்காது என்பது அந்தக் கிட்டங்கியில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அது மோவாயை ஒட்டி, காவலுக்கு நிற்பது போல, சும்மா இருந்தது.

இரண்டாம் சுற்றில் அவள் ஒண்ணு தட்டினாள். தட்டிய கையை இழுத்துக்கொண்டே வலத்தோளை லேசாக, ரெண்டு வரப்போவது போல, முன்னே தள்ளினாள். பின்கால் பெருவிரல்கூடத் திருகியது. வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது எனக்குத்தான், என் காலுக்கு இல்லை. மழைக்காலம் முழுக்கப் பழகிய பாதையில் அது வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே அவளுடைய இடக்கை ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. காதோரம் கிட்டங்கிக் கூரையே இறங்கியது போல இருந்தது. "மூணாம் நம்பர் ஏத்திட்டாடோய்!" என்று கூட்டம் எழுந்தது. சுதாரித்து நின்றேன். மறுபடி ஒண்ணு, மறுபடி தோள், மறுபடி என் கால், மறுபடி மூணு. இடப்பக்கம் போ என்று எனக்கு நானே கத்திக்கொண்டேன். இடப்பக்கத்தில் துவைகல் இருப்பதாகவே என் கால் நம்பியது. எந்தச் சந்தில் நான் நழுவுவேன் என்பதை, கல்லான உப்பைக் குத்திக்கொண்டே, பக்கத்தில் நின்று அவள் பார்த்து வைத்திருந்தாள்.

ஜெயித்தது அக்கா என்று மாஸ்டர் அவள் இடக்கையைத் தூக்கினார். பிறகு கையுறையைக் கழற்றினார். வலக்கை மணிக்கட்டு பனங்கிழங்கு மாதிரி தடித்து நின்றது. "ஏட்டி, இதை வச்சிக்கிட்டா ஆடுன?" என்றவர், உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, இந்தக் கையோடு உன்னை அனுப்ப முடியாது, சின்னவள்தான் போக வேண்டும் என்றார். அழுகையை அடக்கும்போது மட்டும் அக்காவுக்கு மூக்கு நுனி சிவக்கும், அது சிவந்தது. காது இன்னும் இரைந்துகொண்டிருந்த எனக்கு அப்போது எங்கிருந்து குரல் வந்ததோ, "மாஸ்டர், அவ ரெண்டு போடவே இல்ல. ஒத்தக் கையால என்னத் தோக்கடிச்சவ, அந்தக் கையும் சரியானா என்ன செய்வா?" என்று கேட்டேன். அப்பா வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். "கை ஆறதுக்கு நாளு கெடக்கு. ஜெயிச்சவ போவட்டும்" என்றார்.

ஆறியும் ஆறாமலும் அவள் போனாள். ஒரு ஆட்டம் வென்றாள், ஒன்றில் தோற்றாள்; பார்த்துக்கொண்டிருந்த யாருக்கோ அந்த இடக்கை பிடித்துப்போய், விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்து துணிமணியை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். அன்று மாலை அம்மா பழக்கத்தில் என் தட்டில் இரண்டு துண்டு மீன் வைத்தாள். பாதியை நீட்ட ஆளில்லாமல் முழுவதையும் நானே தின்றேன். அடுத்த வருஷம் நானும் போய், முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினேன். அதற்குள் எடை கூடியிருந்தது.

இப்போது அக்கா வடக்கே ரயில்வேயில் வேலை பார்க்கிறாள். வீட்டு முற்றத்தின் பாதியைச் சாலை எடுத்துக்கொண்டது. வாதாமரம் இல்லை, துவைகல் இல்லை. மூட்டை என்றோ கரைந்து சாக்கு மட்டும் மிஞ்சியிருந்ததை அம்மா மிதியடியாகப் போட்டுத் தேய்த்துவிட்டாள். கிட்டங்கி இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி இப்போது குத்துச்சண்டைக்கென்று பெரிய கூடமே கட்டியிருக்கிறார்கள். நிறையப் பெண்பிள்ளைகள் வருகிறார்கள், எங்களைவிட நன்றாக ஆடுகிறார்கள். அவர்களுடைய மூட்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கிறது. ஒருநாள் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, ஏனோ, விரலை நக்கிப் பார்த்தேன்.

போன மாதா திருவிழாவுக்கு அக்கா வந்திருந்தாள். இருவருக்கும் நரை, எடையில் இப்போது நான் எங்கேயோ, அவள் எங்கேயோ. கடைசி மக்ரூன் யாருக்கு என்று அடுப்படியில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மழைக்காற்றுக்கு இன்றும் வலிக்கிற அந்தக் கையின் தோளை அவள் லேசாக முன்னே தள்ளினாள்.

என் கால் வலப்பக்கம் நகர்ந்தது. மக்ரூனை இடக்கையால் எடுத்து, பாதியை எனக்கு நீட்டினாள்.