படா பாபு சொன்ன சட்டம்

என் அப்பா போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் பட்டறையில் ஃபிட்டர். வேலையில் சேர்ந்த அன்று சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் மெயின்லேண்டில் ஓர் ஊரைச் சொன்னார்கள். சொன்னால் தீவு அலவன்ஸ் உண்டு, ஊருக்குப் போய்வர இலவசக் கப்பலும் உண்டு. அந்தமான்தான் என் ஊர் என்றவனுக்கு இரண்டும் கிடையாது.

அந்தக் கிராமத்தில் அப்பாவுக்கு ஒருத்தரும் இல்லை. பாதி இடிந்த வீடு ஒன்று இருந்தது. மற்றவர்கள் மெட்ராஸில் இறங்கிச் சினிமா பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அப்பாவுக்குப் பயம். சர்க்காரிடம் சொன்ன ஊருக்குப் போயே தீருவார். சின்னப் பெண்ணாக இருந்த என்னையும் ஒருமுறை கூட்டிப் போனார். இருட்டியதும் அரிக்கேன் விளக்கு ஏற்றினோம். தெருவிலிருந்து ஒரு பொம்பளை கத்தினாள்.

“உள்ள யாரு? மனுசங்களா, மத்ததா?”

“நாந்தான்க்கா. அந்தமான்காரன்.”

“அப்ப ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பேச ஆரம்பித்த வயதில் காய்ச்சலில் போய்விட்டான். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மேட்டில் புதைத்தோம். அங்கே இன்னும் பல பிள்ளைகள் கிடந்தார்கள். கல் நடக் காசில்லை. அம்மா கரையில் வெள்ளைச் சிப்பியாகப் பொறுக்கி வந்து, அவன் நீளத்துக்குச் சுற்றிப் பதித்தாள். மழை இழுத்துப் போனால் மறுபடி பதிப்பாள்.

அப்பா ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி. கொடுத்துவிட்டு வரட்டும் என்று, போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பேசி வைத்திருந்தேன். பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட மூவரும் ஆபீசுக்குப் போனோம். தலைமை கிளார்க்கை எல்லோரும் படா பாபு என்பார்கள். திருநெல்வேலிக்காரர்.

“சாமானுக்கும் கப்பல் கூலி உண்டு. கட்டில், பீரோ எல்லாத்தையும் ஏத்திக்கிடுங்க” என்றார்.

“நாங்க போகலைய்யா. பிள்ளை இங்க கெடக்கான்” என்றாள் அம்மா.

படா பாபு சிரித்தார். “நல்லாருக்கே! இத்தனை வருசமா ஊரு அங்க இருக்குன்னு அலவன்ஸ் தின்னாச்சு, இப்ப இங்கனயே குந்திக்கிட்டா? தின்னதையெல்லாம் சர்க்கார் பென்ஷன்ல பிடிச்சிரும், தெரியும்லா?”

“சஹி பாத், படா பாபு” என்று பியூனும் ஒத்து ஊதிச் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

திரும்பும்போது ஃபெர்ரியில் சொன்னேன்: “நெசமான்னு இன்னொருத்தர்கிட்ட கேப்போம்ப்பா.”

“கேட்டா அவங்களுக்கு ஞாபகம் வந்துரும். வாய மூடு.”

அவ்வளவுதான். அடுத்த கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டார். புறப்படும் அன்று காலை அம்மா தனியாக மேட்டுக்குப் போய்வந்தாள். கையில் கனமாக ஒரு துணிப்பை. என்ன என்று நான் கேட்கவில்லை. கருவாடு என்று நினைத்தேன்.

பிறகு எனக்கும் வேறொரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அங்கே சம்பளப் பிரிவில் விசாரித்தேன். அப்படி ஒரு சட்டமே இல்லை என்றார்கள். நேரே படா பாபுவிடம் போனேன்.

“கிடையவே கிடையாதேம்மா. எந்த மடையன் சொன்னான்?”

“நீங்கதான்.”

“நானா? தமாசுக்குச் சொல்லிருப்பேன். அதுக்குன்னு கப்பல் ஏறிருவாகளா?”

அந்த ஆளை அடிக்காமல் வந்தேன். அது இன்றும் எனக்கு வருத்தம்.

லீவு போட்டு அம்மா அப்பாவை அழைத்துவரக் கிளம்பினேன். கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டால், அந்த வீட்டுப் பக்கம் கை நீட்டக்கூட ஒருத்தரும் தயாராக இல்லை. உள்ளே போனதும் புரிந்தது. முற்றத்து மண்ணில் வெள்ளைச் சிப்பி பதித்திருந்தது. சின்னப் பிள்ளை நீளம். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அப்பா அதை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கி வந்து என் பையை வாங்கினார்.

“அப்படிச் சட்டமே இல்லையாம்ப்பா. திரும்பப் போயிரலாம்” என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா எண்ணெய் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “இப்பத்தான் இங்க கொண்டாந்து படுக்க வச்சிருக்கேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டு எத்தன தடவ கடலத் தாண்டச் சொல்ற?”

மூன்று நாள் கெஞ்சினேன். அவள் வரவில்லை. அவளை விட்டு அப்பாவும் வரவில்லை.

தனியாகத் திரும்பினேன். மறுநாளே ஃபெர்ரி பிடித்து பாம்பூஃப்ளாட் மேட்டுக்குப் போனேன். இடுப்பளவு புல். சிறிதும் பெரிதுமாக நிறைய மேடுகள். எதிலும் சிப்பி இல்லை. எல்லாவற்றையும் சுற்றி வந்தேன். எது என் தம்பி என்று தெரியவில்லை. கடைசியில், எங்கே நிற்கிறேன், யார் மேல் நிற்கிறேன் என்று பயம் வந்து கீழே இறங்கிவிட்டேன்.