பாஸாகக் கூடாத பரீட்சை

எட்டாம் வகுப்பில் நான் பெயிலானதற்கு என் உயரமும் ஒரு காரணம். சுரங்க டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் உயரமான பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் டீச்சரின் வாய் சரியாகத் தெரியாது. வாய் தெரியாவிட்டால் எனக்குப் பாடமும் கிடையாது. இது டீச்சருக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது, ஏன், எனக்கே தெரியாது. எல்லாரும் இப்படி வாயைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பக்கத்து பிளாக்கில் ஓர் அக்காவிடம் தையல் பழகினேன்.

காது சரியில்லை என்று பிறகு புரிந்தது. புரிந்ததும் நான் செய்த முதல் காரியம் அதை மறைத்தது. எதிரில் இருப்பவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். அவர் புருவம் ஏறினால் அது கேள்வி, பல் தெரிந்தால் அது சிரிப்பு. பிடிபடாதபோது "ஆமாங்க" என்றுவிடுவேன். நாள் முழுக்க இப்படிக் கவனித்துக்கொண்டிருந்தால் மனதில் கவலை தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது. என் கவலைக் குணம் அங்கிருந்து வந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கொரோனா வந்து ஊரே வாயை மூடிக்கொண்டபோதுதான் என் குட்டு வெளிப்பட்டது. காய்கறிக்காரர் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஏதோ கேட்க, நான் ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லி நாலு கிலோ பூசணிக்காயோடு வந்து நின்றேன். என் வீட்டுக்காரருக்கு அன்றுதான் முழுசாக விளங்கியது. அவர் குறிஞ்சிப்பாடிக்காரர், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகைக்குக் குடியிருக்கிறோம்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். கையுறையும் யூனிபார்மும் தைக்கிற ஒரு கூடத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி, முடித்தவர்களுக்கு அங்கேயே வேலை. அடையாள அட்டை வேண்டும், குறைபாடு நாற்பது சதவீதமாவது இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"இது எனக்கு எதுக்குங்க? எனக்குக் கை கால் நல்லாத்தான இருக்குது."

"காது?"

"கொஞ்சம் மந்தம். அவ்ளோதான்."

"நாலு கிலோ பூசணிக்கா மந்தம்" என்றார். "வூட்ல ஒக்காந்துகினு ஊரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வெச்சிகினு இருக்கப் போறியா? ஒனக்குன்னு ஒரு வேல வேணாமா?"

வேண்டும். எத்தனை வருடமாக வேண்டும் என்று அவருக்கே தெரியாது. டவுன்ஷிப்பில் வளர்ந்தவள் நான். காலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போகிற பெண்களை ஜன்னலோரம் நின்று பார்த்தே வளர்ந்தேன். அந்த வரிசையில் ஒருநாளாவது நிற்க வேண்டும்.

கடலூர் ஆஸ்பத்திரியில் குறைபாட்டுக்குச் சான்றிதழ் தருகிற நாளுக்கு ஒரு வாரம் முன்பே பையைத் தயார் செய்துவிட்டேன். ஆதார், ரேஷன் கார்டு, அவற்றின் நகல், நகல் தொலைந்தால் இருக்கட்டும் என்று இன்னொரு நகல், எட்டு போட்டோ.

"இவ போற எடத்துக்கு இவளுக்கு முன்னாடி இவ பை போயிடும்" என்றார் வீட்டுக்காரர்.

காது பரிசோதிக்கிற அறை சின்னது. கண்ணாடி வைத்த பெட்டி மாதிரி ஓர் இடத்தில் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் அங்கிருந்த இளம்பெண். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும்.

முதல் சத்தம் கேட்டது. அழுத்தினேன். அதன் பிறகு எதுவும் வரவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் ஒரு பீரோ, அதன் கதவும் கண்ணாடி. அதில், எனக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தம் கொடுக்கிற அந்தப் பெண்ணின் முழங்கை தெரிந்தது. முழங்கை லேசாக அசைந்தது. என் விரல் தானாகப் பட்டனை அழுத்திவிட்டது. மறுபடி அசைந்தது, மறுபடி அழுத்தினேன். ஏமாற்ற வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் செய்ததைத்தான் அங்கேயும் செய்தேன். ஒன்றைக்கூட விடவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண், "அக்கா, உங்க காது நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. எட்டாம் வகுப்பில் பெயிலான பிறகு நான் பாஸான முதல் பரீட்சை அது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். வெளிச்சம் முகத்தில் விழுந்தால்தான் அவர் வாய் எனக்குத் தெரியும். நடந்ததையெல்லாம் சொன்னேன். முழங்கையையும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாஸாயிட்டியா?"

"ஆமாங்க."

"அடிப் பாவி, அதுல பெயிலாவணும்டி! எட்டாவதுல பாஸாவச் சொன்னா பெயிலான. இங்க பெயிலாவச் சொன்னா பாஸாயிட்டு வர."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது சதவீதம் இல்லை. அட்டை இல்லை, பயிற்சி இல்லை. கையில் கிடைத்த வேலையை நானே பட்டனை அழுத்தி அழுத்தித் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பிப் போய் உண்மையைச் சொன்னால், வேலைக்காகச் செவிடு வேஷம் போடுகிறாள் என்று நினைத்துவிட்டால்? போலீஸில் சொல்லிவிட்டால்? பயிற்சிக்குப் பெயர் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கடைசியில் பயந்துகொண்டே போனேன்.

"மேடம், அன்னிக்கு நான் காதால கேக்கல. கண்ணால கேட்டுட்டேன்" என்று ஆரம்பித்து, பீரோவைக் கை காட்டிச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் பீரோவைப் பார்த்தார், தன் முழங்கையைப் பார்த்தார்.

"ஒன்னுகூட விடாம அழுத்தினீங்களே அக்கா! என் கைய அவ்ளோ கவனமா யாருமே பாத்ததில்ல" என்று சிரித்துவிட்டு, என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்.

வெள்ளைச் சுவர். ஓர் ஆணி, அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. எப்போதாவது ஒரு சத்தம் வந்தது, அழுத்தினேன். மற்ற நேரமெல்லாம் சுவர்தான். வெகுநேரம் அப்படி இருந்தேன். இவ்வளவுதானா எனக்குக் கேட்கிறது என்று முதலில் அழுகை வந்தது. பிறகு அழுகை நின்று, வேறு ஏதோ ஒன்று வந்தது. யார் முகத்தையும் பார்க்காமல், எதையும் ஊகிக்காமல் நான் உட்கார்ந்திருந்தது அதுவே முதல் தடவை.

இரண்டு தடவையும் வேறு வேறு விதமாக வந்ததால் இன்னொரு சோதனை வைத்தார்கள். தலையில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைப்பார்கள். "இதுல பட்டன் கெடையாது. நீங்க சும்மா தூங்கினா போதும்" என்றார் அந்தப் பெண். நான் தூங்குவதாவது என்று நினைத்தேன். கேட்காதது ஒயருக்கே தெரிந்துவிடும், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்ததுதான் தெரியும். உலுக்கி எழுப்பினார்கள். குறட்டை விட்டேன் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். குறட்டைச் சத்தம் எனக்குக் கேட்காதே, எப்படி மறுப்பது?

அட்டை வந்தது. நாற்பதைத் தாண்டியே இருந்தது. இவளுக்குக் காது சரியாகக் கேட்காது என்று ஒரு காகிதம், மூன்று மாதப் பயிற்சி முடிந்ததும் இவளுக்குத் தையல் நன்றாகத் தெரியும் என்று ஒரு காகிதம். இரண்டையும் ஒரே கவரில் வைத்துக் கொடுத்தால்தான் வேலை. முடியாது என்பதையும் காட்ட வேண்டும், முடியும் என்பதையும் காட்ட வேண்டும். இத்தனை நாள் பாதியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன்.

காது மெஷினும் கொடுத்தார்கள். வீட்டில் குக்கர் விசில் கேட்கிறது. மனிதர்கள் பேசினால் இன்னும் வாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பயிற்சி முடிந்து வேலையில் சேர்ந்த முதல் நாள். என் கவரைப் பார்த்திராத சூப்பர்வைசர் அம்மா என்னைக் கூடத்துக்குள் அழைத்துப் போய், என் எதிரில் வந்து நின்று கேட்டார்.

"தையல் மெஷின எங்க போடட்டும்மா ஒனக்கு?"

"எங்க வேணாலும் பரவால்லீங்க." வழக்கமான வாய் முந்திக்கொண்டது. அவர் கடைசி வரிசையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"இல்லீங்க" என்றேன். "முன்னாடி போடுங்க. நீங்க பேசறப்ப ஒங்க மொகம் தெரியணும். எனக்குக் காது கேக்காது."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றவர், மெஷினை முதல் வரிசைக்கு நகர்த்தச் சொன்னார். ஷிப்ட் முடிகிற மணியோடு ஒரு பல்பையும் சேர்த்து எரியவிட்டார்கள். இப்போது எல்லாரும் அந்தப் பல்பைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறார்கள். அத்தனை மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் மணி யாருக்குமே சரியாகக் கேட்டதில்லையாம்.

காலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். பையில் அட்டை இருக்கிறதா என்று ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்து தைப்பவர் குள்ளமானவர். என் முதுகு மறைத்து அவருக்குப் பல்பு தெரியாமல் போகிறதோ என்றுதான் இப்போது ஒரே கவலை. கேட்டால், "நீ எழுந்தா நானும் எழுந்திருவேன், தையி" என்கிறார்.