மாமரத்துக்குச் சிபாரிசு

காய்க்காத மரத்தை மிரட்டினால் காய்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒருவர் கத்தியை ஓங்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருந்த மாமாவின் தோப்பில் ஒரு தை மாதம் கெஞ்சும் வேலை எனக்கு வந்தது. எனக்கு எட்டு வயது. அழுவது எனக்குக் கைவந்த கலை.

தோப்பில் பன்னிரண்டு மாமரங்கள். எல்லாம் மாமா குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. மரங்கள் போய்விட்டால் நிலத்தை மனை போட்டுவிடலாம் என்று மாமாவின் அண்ணன், பெரிய மாமா, காத்திருந்தார். அதனால் ஒரு மரம் நுனியிலிருந்து கருகி, பட்டையில் பிசின் வழியத் தொடங்கியதும் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. கருகிய கிளைகளை வெட்டுக்கத்தியால் கழித்தார். மற்ற பதினொன்றும் பூக்காமல் நின்றன. கையோடு அதே கத்தியுடன் மிரட்டக் கிளம்பினார்.

“இன்னா, காய்க்க மாட்டியா? வெட்டிப் போட்டுடுவேன்!” என்று அடிமரத்தில் ஒரு கொத்து கொத்துவார்.

“வுட்டுடு மாமா, வர்ற வருசம் காய்க்கும்!” என்று நான் ஜாமீன் கொடுப்பேன்.

பத்து மரங்கள் இப்படியே ஆயின. கடைசி மரத்தில்தான் என் ஊஞ்சல் தொங்கியது. அங்கே நடிப்பு மறந்து நிஜமாகவே பயந்துவிட்டேன். அடிமரத்தைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டேன். மாமா சிரித்துக்கொண்டே, கொத்தாமல் கத்தியைத் தாழ்த்தினார்.

அடுத்த தைக்குள் பத்து மரங்களும் ஒவ்வொன்றாகக் கருகின. ஊஞ்சல் மரம் மட்டும் பூத்தது. என் அழுகையின் மகிமையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

விவசாய ஆபீசர் ஒருவர் வந்து, கொத்திய இடங்களைத் தடவிப் பார்த்தார். “இது பூஞ்சை நோய். சீக்கு மரத்தை வெட்டின கத்திய கழுவாம இங்கெல்லாம் வெச்சீங்களா?”

மாமா ஊஞ்சல் மரத்தின் காயமில்லாத பட்டையைத் தடவியபடி நின்றார்.

“இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?” என்று ஆபீசர் கேட்டார்.

“எம் மருமவ அழுதா சார். அதான் பொயச்சிக்கினு கீது.”

மாமாவின் கண் கலங்கியிருந்தது. என்னை நினைத்துப் பெருமைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“மத்த மரத்தையும் இப்பிடியே கட்டிக்கினு இருந்திருப்பேனே மாமா, நீ சொல்லவேயில்லியே?” என்று கேட்டேன்.

மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார். வீட்டைப் பார்த்து நடந்தார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று தெரியாமல், காலை ஆட்டிக்கொண்டே வந்தேன்.