ஈஸ்டருக்கு மறுநாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் என்பது ஒரு காரணம். நான் நல்லவனாகத் தெரியும்படி எழுதிவிடுவேனோ என்ற பயம் இன்னொன்று. இப்போது எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதைவிட அதிகமாக எனக்குக் குடி உண்டு. ஆனால் தவக்காலம் வந்தால் தொட மாட்டேன். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கினால், ஈஸ்டர் பூசை முடிகிற வரை நாற்பது நாளும் விரதம். பதினோரு வருஷம் தவறவில்லை. "அவன் நினைச்சா நிறுத்திடுவான்யா" என்று ஊரில் சொல்வார்கள். நானும் நம்பினேன். வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதை ஜெபத்தில் முழங்காலில் நிற்கும்போதே இன்னும் எத்தனை நாள் என்று மனசு எண்ணிக்கொண்டிருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஈஸ்டரன்று கடையில் கூட்டம் நெரியும் என்று சனிக்கிழமையே பாட்டில் வாங்கி வைப்பது என் வழக்கம். ஆறு வருஷத்துக்கு முந்தி அதை உளுந்து மூட்டைக்குள் செருகி வைத்தேன். வீட்டைக் கழுவ மூட்டையை நகர்த்திய என் மனைவி கையில் அது அகப்பட்டது. சுவரில் ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபம் இருக்கிற பலகையைத் துடைத்து, சுரூபத்தின் பக்கத்திலேயே பாட்டிலை நிறுத்தினாள்.

"இதுக்காகத்தானே நாப்பது நாள் இருந்தீங்க. இதையே கும்பிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். புடவை ரெண்டைப் பையில் எடுத்துக்கொண்டு திருச்சியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலைப் பூசைக்குத் தனியாகப் போனேன். எல்லாரும் குடும்பத்தோடு கை குலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பலகைக்கு எதிரே உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. ஆண்டவரைப் பார்த்தால் கண் பாட்டிலுக்குப் போனது. எடுத்து வேறிடத்தில் வைக்கலாமென்றால், கையில் எடுத்தால் திறந்துவிடுவேன் என்று தெரியும். விரதம் முடிந்த மனுஷன் நான். யாரும் தடுக்கப் போவதில்லை. அப்போதுதான் உறைத்தது, மிச்ச நாளெல்லாம் குடிப்பதற்காக நான் ஆண்டவருக்குக் கொடுத்தது நாற்பது நாள் வாடகை மட்டும்தான் என்று.

மத்தியானம் என் மனைவியின் தம்பி கறிச்சோற்றோடு வந்தான். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு நாங்கள் சேர்ந்து குடிப்பவர்கள். பலகையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மச்சான், சாமிக்கே படைச்சாச்சா?"

"இனிமே இல்ல மாப்ள" என்றேன். சொல்லிவிட்ட பிறகு நிற்க முடியவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி, முருங்கை அடியில் முழுவதையும் கவிழ்த்தேன். வாசனை எழும்பியபோது அழுகை வந்தது. அவன் பின்னாலேயே வந்து நின்றான்.

"இனிமே எனக்குச் சரக்குக்குப் பதிலா இந்த மரத்துக் கீரையவே குடுத்து விடுங்க" என்றான். கறிச்சோற்றை வைத்துவிட்டுப் போனவன் ரொம்ப நாள் வாசல் பக்கம் வரவில்லை.

திங்கட்கிழமைதான் பயம் பிடித்தது. எண்ணுவதற்கு நாள் இல்லை. இது எப்போது முடியும் என்றால், முடியாது. பூசை வைக்கிற சாமியாரிடம் போய், ஏதாவது நேர்த்திக்கடன் சொல்லுங்கள், அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"நேர்த்திக்கடன் ஒண்ணும் வேணாம். நாளைக்குக் காலைப் பூசைக்கு வாங்க" என்றார்.

போனேன். மறுநாளும் போனேன். வயசான பெண்கள் மூணு பேரும் நானும்தான். பகலில் வயலில் உளுந்து பறிப்பு இருந்தது. சாயங்காலம் ஒன்றுமே இல்லை. கூடக் குடித்தவர்கள் கூப்பிடவில்லை. குடிக்காதவர்கள் இன்னும் நம்பவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். இரண்டு தடவை கடைவரை சைக்கிளில் போய், சாலையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். மனைவிக்கு போன் போட்டுக் கொட்டிவிட்டதைச் சொன்னேன். "சாப்பிட்டீங்களா" என்றாள். ஆனி மாசம் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த பிறகுதான் அவளும் வந்தாள். அதுவரை வீட்டில் நானும் ஆண்டவரும்தான். அவர் பேசியதாக எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. ஆனாலும் இருந்தார்.

போன மாதம் நானும் போயிருந்த ஒரு ஜெபக் கூட்டத்தில் என் கதையை ஒருவர் சாட்சியாகச் சொன்னார். பாட்டிலைத் தொட்டதும் என் உடம்பில் மின்சாரம் பாய்ந்ததாம், அந்த நிமிஷமே ஆசை செத்துவிட்டதாம். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கடைசி வரிசையில் ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டார். குடியை விட முடியாதவனின் அந்தக் குனிவு எனக்குத் தெரியும். மின்சாரம் பாயாதவன், ஆண்டவர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்றுதானே நினைப்பான்?

அதனால் கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்வதானால், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பதினோரு வருஷம் ஏமாற்றினேன் என்பதைச் சொல்லுங்கள். கடைவரை போன இரண்டு தடவையையும் சொல்லுங்கள். ஆசை இன்னும் சாகவில்லை, நாளைக்கும் பூசைக்குப் போகிறேன் என்பதையும் சொல்லுங்கள்.