வெறும் டியூனரில் வந்த மரண அறிவித்தல்

எனக்குப் பேயிலும் நம்பிக்கை இல்லை, சாத்திரத்திலும் நம்பிக்கை இல்லை, கைரேகை பார்க்கிறேன் என்று யாராவது என் கையைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற ஆள் நான். என் வேலை அப்படி. சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு பார்க்கிற மெஷின், மூச்சு விடவைக்கிற மெஷின் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டுகிறவன். ஒரு மெஷின் தன்பாட்டில் கத்துகிறது என்றால் உள்ளே எங்கோ ஒரு வயர் விட்டிருக்கும், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டில் நானும் மனைவி வசந்தியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் காசும் நேரமும் எங்கேயாவது போகத்தானே வேண்டும், எனக்கு அது பாட்டுக் கேட்கிற செட்டுக்குப் போனது. நல்ல ஸ்பீக்கர், அதற்குப் பலம் கொடுக்கிற நல்ல பவர் ஆம்ப், இசைத்தட்டு சுழற்றுகிற பெட்டி, சீடி பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது பிரீஆம்ப். எந்தப் பெட்டியிலிருந்து பாட்டு வரவேண்டும், எவ்வளவு சத்தமாக வரவேண்டும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும், தண்ணீர்க் குழாயில் இருக்கிற திருகு மாதிரி. என்னுடைய பிரீஆம்பில் ஒரு பக்கம் செத்துப்போய்விட்டது. திருத்தப் பார்த்தேன், அதற்குரிய பாகம் இப்போது உலகத்தில் யாரும் செய்வதில்லையாம். ஆகவே புதிதாக ஒன்று தேட வேண்டி வந்தது.

தேடித் தேடிக் கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்று பரமட்டாவில் ஒரு கடையில் வாங்கக்கூடிய புத்தம் புதுசு, ரிமோட் உண்டு, ஒரு சோற்றுப் பார்சலின் எடைதான் இருக்கும். மற்றது குவேக்கர்ஸ் ஹில்லில் செந்தில் என்கிற கோயம்புத்தூர்த் தம்பி விற்கப் போட்டிருந்த பழசு, தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், குழந்தை பிறந்ததால் செட்டை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தான். "கொண்டு போய் ஒரு வாரம் வச்சுக் கேளுங்கண்ணா, புடிச்சா மட்டும் சொல்லுங்க" என்று என் காரிலேயே ஏற்றிவிட்டான். கடைக்காரனும் கேட்டுவிட்டுத் திருப்பித் தரலாம் என்றான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். இருட்டு, மழை, நாய் ஊளை ஒன்றும் இல்லை, நல்ல வெயில், பக்கத்து வீட்டில் யாரோ சுவருக்கு ஓட்டை போடுகிற சத்தம்.

பிரீஆம்பைச் சோதிக்கிறவர்கள் முதலில் பாட்டுப் போட மாட்டார்கள். ஒன்றும் செருகாத ஒரு பக்கத்துக்குத் திருகைத் திருப்பி, சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைப்பார்கள். எது குறைவாக இரைகிறதோ அதுதான் நல்ல பெட்டி. புதுப் பெட்டி இரைந்தது, மெல்லிய இரைச்சல்தான், தாளிக்கிற சட்டியைத் தூரத்தில் வைத்த மாதிரி. பிறகு செந்திலின் பெட்டியை மாட்டினேன். அதில் ரேடியோ செருகுகிற டியூனர் பக்கம் வெறுமையாக இருந்தது, அங்கே திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. முழுக்கக் கூட்டினேன், அப்போதும் இல்லை. செத்துவிட்டதோ என்று காதை இன்னும் கிட்ட வைத்தேன்.

ஒரு பெண் குரல் வந்தது. தமிழ்க் குரல், நிறுத்தி நிறுத்தி, எங்கள் ஆட்களின் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிப்பார்களே, அந்த இழுவை.

"நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் மெல்பேர்ணை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா சிவபாலன் அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற கந்தையா தங்கம்மா தம்பதியினரின் மூத்த புதல்வரும், சரோஜினிதேவியின் அன்புக் கணவரும், நிரோஷனின் பாசமிகு தந்தையும், கனடாவில் வசிக்கும் ரஞ்சினியின் அன்புச் சகோதரரும், ஆதிராவின் பாசமிகு பாட்டனாரும் ஆவார். தகவல், குடும்பத்தினர்."

அவ்வளவுதான். பிறகு பழையபடி ஒன்றும் இல்லை. சிவபாலன் என் அண்ணா. சரோஜினிதேவி என் அண்ணி. ரஞ்சினி என் தங்கை. குசினியிலிருந்து வசந்தி, மீன் பொரித்துக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஆரப்பா செத்தது?"

அவளுக்குச் சொற்கள் கேட்கவில்லை, இழுவை மட்டும் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் கேட்டிருந்தால் காதில் கோளாறு என்று ஆஸ்பத்திரியிலேயே காட்டியிருப்பேன்.

நான் உடனே காரணம் தேடினேன். சில பெட்டிகளில் வயரே ஏரியலாகி ரேடியோவை இழுக்கும், அது எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் தமிழ் ரேடியோவில் நிகழ்ச்சி செய்கிற ஓர் அன்ரியின் நம்பர் இருந்தது, எடுத்துக் கேட்டேன். "சனி மத்தியானத்தில எங்கட நிகழ்ச்சியே இல்லைத் தம்பி, நான் இப்ப கடையில நிக்கிறன்" என்றார். அதோடு இன்னொன்றும் இருந்தது. அண்ணாவுக்குப் பேரப்பிள்ளையே கிடையாது. மகன் நிரோஷனுக்கு அப்போதுதான் கலியாணம் முடிந்திருந்தது. ஆதிரா என்று அந்தக் குடும்பத்தில் ஒரு பூனை கூட இல்லை. ஆகவே பொய், ஏதோ குழப்பம் என்று விட்டுவிட்டு மீன் பொரியலைச் சாப்பிட்டிருக்கலாம்.

விட முடியவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவித்தலில் என் பெயர் இல்லை. எங்கள் ஆட்களிடையே இது சின்ன விஷயம் இல்லை. மரண அறிவித்தலில் பெயர் விடுபட்டதற்காக ஒரே தெருவில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். கனடாவில் இருக்கிற தங்கை இருக்கிறாள், ஒன்றரை மணித்தியால விமானத் தூரத்தில் இருக்கிற ஒரே தம்பி இல்லை. எனக்கும் அண்ணாவுக்கும் ஒரு கோபமும் கிடையாது, பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொள்வோம், போன தீபாவளிக்கு அவர் வீட்டில்தான் நின்றோம். பிறகேன் என்னை விட்டார்கள்? பயத்தை விட அந்த எரிச்சல்தான் கையைப் போனுக்குக் கொண்டுபோனது.

அண்ணா உடனே எடுத்தார். உயிரோடுதான் இருந்தார்.

"டேய் யோகன், என்ன மத்தியானத்தில எடுக்கிறாய்? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒண்டுமில்லை அண்ணா. நீங்கள் சுகமோ?"

"நான் கார் கழுவிறன். சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் வாய் திறந்துகொண்டது. பகிடி மாதிரித்தான் சொன்னேன். பழைய பிரீஆம்ப் ஒன்று வாங்கப் போனேன், அது உங்களைச் சாகடித்துவிட்டது, அதிலும் என் பெயரைக் காணவில்லை என்று. ஆதிராவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பிறக்காத பிள்ளையை எதற்கு இழுப்பது என்று ஏதோ தடுத்தது. அண்ணா சிரித்தார். கார் கழுவிக்கொண்டே பேசியதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார், அது எனக்குத் தெரியாது.

"மத்தியானத்தில ஒரு மனுசனைக் கூப்பிட்டு நீ செத்திட்டாய் எண்டு சொல்ல உமக்கு எப்பிடி வாய் வந்தது?" இது அண்ணி.

"நான் சொல்லேல்லை அண்ணி. ஆம்ப் சொன்னது."

"ஆம்ப் சொன்னதாம்! கரிநாக்கு! என்ர மனுசனுக்கு ஏதும் நடக்கட்டும், அப்ப இருக்கு உமக்கு."

அண்ணா சமாதானம் சொல்வார் என்று பார்த்தேன். அவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "அப்ப உனக்கு நான் செத்தது கவலையில்லை, உன்ர பேர் இல்லையெண்டதுதான் கவலை, என்னடா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது பாதிச் சிரிப்புத்தான். போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணா என் போனை எடுக்கவில்லை. பொங்கலுக்கு அழைத்துப் பார்த்தேன், அப்போதும் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் பார்த்ததற்கு அடையாளம் வரும், பதில் வராது. நான் என்ன பாவம் செய்தேன்? உயிரோடு இருக்கிறாரா என்று பதறி எடுத்தவன் நான். செந்திலின் பெட்டியை அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நல்ல பீஸ்ணா, ஏன் வேணாங்கறீங்க?" என்று அவன் கேட்டதற்கு, "வைஃபுக்குப் பிடிக்கேல்லைத் தம்பி" என்று பழியை வசந்தி தலையில் போட்டேன். கடையில் கிடந்த புதுசை வாங்கினேன். அது இரைகிறது. இரையட்டும், வெறும் இரைச்சல் எனக்குப் போதும்.

அடுத்த வருடக் குளிரில் அண்ணா செத்துப்போனார். புல்லு வெட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தாராம், இதயம். ஒன்றரை மணித்தியால விமானத் தூரத்தில் இருக்கிற எனக்கு அந்தச் செய்தி கனடாவிலிருந்து வந்தது, தங்கைதான் அழுதுகொண்டே சொன்னாள். அன்று பின்னேரம் ரேடியோவில் அறிவித்தல் போகும் என்றும் சொன்னாள். நானும் வசந்தியும் மேசையில் போனை வைத்து அதில் ரேடியோவைக் கேட்டோம். அதே குரல் இல்லை, இது ஓர் ஆண் வாசித்தார். ஆனால் சொல்லுக்குச் சொல் அதேதான். நீர்வேலி, மெல்பேர்ண், மூத்த புதல்வர், அன்புக் கணவர். ரஞ்சினியின் அன்புச் சகோதரர். நான் போனின் சத்தத்தைக் கூட்டினேன். ஆதிராவின் பாசமிகு பாட்டனார். நிரோஷனுக்குப் பெண் பிள்ளை பிறந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். தகவல், குடும்பத்தினர். என் பெயர் இல்லை.

யோசித்துப் பாருங்கள். நான் போன் எடுத்ததால்தான் அண்ணி என் பெயரை வெட்டினாள். பெயர் இல்லாததால்தான் நான் போன் எடுத்தேன். இதில் எது முதல்? எத்தனையோ மெஷினைக் கழற்றிப் பிழை பிடித்தவன், இதில் எந்த வயரைப் பிடித்து இழுப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மெல்பேர்ணுக்குப் போனோம். போகாமல் இருக்க முடியுமா, என் அண்ணா அல்லவா. அண்ணி எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிரோஷன் ஏதோ சொல்ல வந்தான், தாய் கையைப் பிடித்து இழுத்தாள். இறுதிச் சடங்கு மண்டபத்தில் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தோம். பக்கத்தில் இருந்த ஓர் அங்கிள், நல்ல மனிதர், அண்ணாவோடு கோயிலில் பழக்கமாம், மெல்லக் குனிந்து கேட்டார்.

"தம்பி ஆர்? செத்தவருக்கு என்ன முறை?"

அறிவித்தலில் இல்லாத ஆள் என்ன முறை சொல்வது? தம்பி என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அறிவித்தலில் உங்கள் பெயர் வரவில்லையே என்று. "தெரிஞ்ச ஆள்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, தெரிந்த ஆளுக்கு இவ்வளவு அழுகையா என்று அவர் பார்த்தார்.

திரும்பி வருகிறபோது விமான நிலையத்தில் வசந்தி கொதித்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாகக் கோபப்படாதவள். "நீங்கள் எனக்கு முன்னம் போனால், உங்கட அறிவித்தலில அவையின்ர ஒரு பேர் வராது. உங்கட அண்ணான்ர பேரும் வராது. நான் உயிரோட இருக்குமட்டும் விடமாட்டன்" என்றாள். செய்யக்கூடியவள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்கவும் மாட்டேன். போன மாதம் செந்தில் எனக்குப் போன் செய்தான். பிரீஆம்பை யாரும் வாங்கவில்லையாம், கராஜில் கிடந்ததை எடுத்து மாட்டிப் பார்த்தானாம். வாங்குகிறீர்களா என்று கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணா, சிவபாலன்னு உங்களுக்கு யாராவது சொந்தமா?"

அவனிடம் நான் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

"ஏன் தம்பி?"

"இல்லண்ணா, ட்யூனர்ல ஒண்ணும் மாட்டல, ஆனா உங்க ஊர்த் தமிழ்ல ஒரு லேடி யாரோ செத்துட்டதா வாசிச்சாங்க. முழுசா புரியல. 'காலஞ்சென்ற சிவபாலனின் அன்புச் சகோதரரும்'னு ஒரு வரி மட்டும் தெளிவா கேட்டுச்சு. உங்க ஆளுங்கள்ல யாராவதா இருக்குமோன்னு தோணுச்சு, அதான்."

சிவபாலனுக்குச் சகோதரன் நான் ஒருவன்தான். என்னுடைய சாவைத்தான் அவன் கேட்டிருக்கிறான். நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயம் வரவில்லை, கேவலமான ஒரு நிம்மதிதான் வந்தது. கடைசியில் யாரோ என்னை அவருடைய தம்பி என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வசந்தி விமான நிலையத்தில் சொன்னது, தான் உயிரோடு இருக்குமட்டும் அண்ணாவின் பெயரை வரவிடமாட்டேன் என்றது, ஞாபகம் வந்தது. குசினியில் அவள் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

செந்திலிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அந்த அறிவித்தலில் என் மனைவியின் பெயருக்கு முன்னாலும் காலஞ்சென்ற என்று வாசித்தார்களா? நான் கேட்கவில்லை. "தெரியாது தம்பி, எங்கட ஆக்கள் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.